தடமும் வழிக்குறியும்

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளைக் கூறுகின்றான். அந்நெறிகளை இன்று ஆராய்வார்க்குப் பற்றுக்கோடாவன சிறுமலை, திருமால்குன்றம், புண்ணிய சரவணம் முதலிய பொய்கைகள் எனப் பெயர் சுட்டிய இடங்களேயாம். கைப்பேசிச் செயலியில் தடம் பதியுங்கால் வழிக்குறி இடுதலின் பயனும் இதுவே.

மார்க்கையன்கோட்டையினின்று சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாகப் பளியன்குடி சென்று, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறும் ஆய்வாளரை எண்ணுக. சித்திரை முழுநிலா நாளில்தான் மக்கள் அங்குச் செல்ல இசைவு உண்டு. விடுபட்டதை மறுநாள் சென்று காண்டல் இயலாது. செயலி இடத்தையும் நேரத்தையும் புள்ளிகளாகத் தானே தொடுத்துத் தடமாக்கும். ஆயின், கால் நின்ற இடம் சுனையோ, நடுகல்லோ, வெறும் மரநிழலோ என்பதை அக்கோடு உரையாது. எனவே, பதிவை நிறுத்தாமலே ஆங்கு வழிக்குறி இட்டு, அவ்விடத்தார் வழங்கும் பெயரை அப்பொழுதே எழுதுதல் வேண்டும். ‘சுனை 1’ என்பது பெயராகாது. மாலையில் அது எச்சுனை என்பது எழுதியவர்க்கே விளங்காது.

ஜி.பி.எக்ஸ் கோப்பில் தடப்புள்ளியும் வழிக்குறியும் தனித்தனிக் கூறுகளாக நிற்கும். ஆதலின் பின்னர்த் தடத்தைச் சுருக்கினும் குறிகள் அழியா.

நிலப்படத்தை முன்னரே இறக்கிக்கொள்ளின், கைப்பேசித் தொடர்பு அற்ற காட்டிலும் செயற்கைக்கோள் இடங்காட்டும். மரச்செறிவில் அது பிறழ்தலும் உண்டு. அங்குச் சற்று நின்று குறித்தலே தக்கது. ஓரிடத்திற்கு இரு பெயர் கேட்பின் இரண்டையும் எழுதுக. எது பழையது என்பதைப் பின்னர் ஆராயலாம்.