மலையில் மாவு ஏன் மெதுவாகப் பொங்குகிறது?

ஈப்போவில் இரவு எட்டு மணிக்கு அரைத்து வைத்த இட்லி மாவு, விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலை வழியாக மலையேறிக் கோலா தெர்லாவுக்கு வந்து, அதே எட்டு மணிக்கு அரைத்து வையுங்கள். காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தால் மாவு வைத்த இடத்திலேயே கிடக்கும். தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பசியாறிவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் அது. உளுந்து சரியில்லை என்பார் ஒருவர். அரைத்தவரின் கைராசி சரியில்லை என்பார் இன்னொருவர். கடைசியில் ஒரு சிட்டிகை சோடா மாவைக் கலந்து சமாளிப்பார்கள்.

உளுந்தின் மீதும் தவறில்லை, கையின் மீதும் தவறில்லை. மாவுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இரவில் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

யார் அந்த வேலைக்காரர்கள்? இட்லி மாவில் முதலில் பெருகுவது லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. இது வெளியிலிருந்து யாரும் போடுவதல்ல. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறது. தானியத்திலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரிவளியையும் வெளிவிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. கரிவளி மாவைப் பொங்க வைக்கிறது. மாவு ஓரளவு புளித்த பிறகு, அதிகப் புளிப்பைத் தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் தோசை அவ்வளவு புளிப்பாக இருப்பதற்கு அவையே காரணம்.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அது வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைக்க ஆள் வேண்டும். கோதுமை மாவில் அந்த வேலையைக் குளூட்டன் என்னும் புரத வலை செய்கிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது. அப்படியானால் இட்லி எப்படிப் பஞ்சு போல் வருகிறது? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். விடை உளுந்தில் இருந்தது. உளுந்தின் புரதம் சோப்பு நுரையைப் போலக் குமிழிகளை உண்டாக்க உதவுகிறது. அதிலுள்ள வழவழப்பான கூட்டுச் சர்க்கரைப் பொருள் அந்தக் குமிழிகள் உடையாமல் காக்கிறது. ஊறிய உளுந்தை அரைக்கும்போது விரலில் ஒட்டும் வழவழப்பு அதுதான். 'உளுந்து பொங்கப் பொங்க அரைக்க வேண்டும்' என்று பாட்டிமார் சொல்வது வேதியியல் பேச்சு.

இனி குளிருக்கு வருவோம். உயிர்களின் உடலில் நடக்கும் வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஈப்போவில் ஒரு வீட்டின் சமையலறை இரவில் 28 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு பொங்க அங்கே 10 மணி நேரம் ஆகிறது. கேமரன் மலையில் இரவில் 20 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். சமையலறை 18 பாகையில் இருந்தால் அதே மாவுக்கு 20 மணி நேரம் தேவை. காலை ஆறு மணிக்கு இட்லி வேண்டுமென்றால் முதல் நாள் காலை பத்து மணிக்கே மாவு தயாராக இருந்திருக்க வேண்டும்! இரவு எட்டு மணிக்கு அரைத்தவர் பாதி வழியில்தான் மூடியைத் திறக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் லியூகோனோஸ்டாக் குளிருக்கு முற்றிலும் அஞ்சுகிற உயிரி அல்ல. ஜெர்மனியில் முட்டைக்கோஸைச் சீவி உப்பிட்டுப் புளிக்க வைப்பார்கள். அதற்குச் சவர்கிராவுட் என்று பெயர். கொரியாவின் கிம்ச்சியும் அப்படித்தான். இரண்டிலும் முதலில் வேலையைத் தொடங்குவது இதே பாக்டீரியா இனம்தான். அதுவும் 18 பாகை அளவுள்ள குளிர்ந்த சூழலில். கோலா தெர்லாவைச் சுற்றி வரிசை வரிசையாக விளைகிற முட்டைக்கோஸின் இலைகளிலும் இந்த இனத்தார் குடியிருப்பார்கள். குளிரில் அவர்கள் சாவதில்லை, நிதானமாக நடக்கிறார்கள். ஆகவே பொங்காத மாவைக் கொட்டிவிடத் தேவையில்லை. மதியம் வரை விட்டுப் பாருங்கள், எழுந்து வரும்.

சோடா மாவு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாயு வரும், இட்லியும் எழும்பும். ஆனால் சோடா காரத்தன்மை உடையது. காரத்தில் பி1 உயிர்ச்சத்து எளிதில் சிதைந்துவிடும். நொதித்தலால் வரும் சுவையும் மணமும் கிடைக்காது. அவசரத்துக்கு ஒரு நாள் சரி, வழக்கமாக வேண்டாம் என்பது என் கருத்து.

இதே மலையில் சோடா மாவின் உறவினர் ஒருவர் ராஜாவாக இருக்கிறார். தானா ராட்டாவிலும் பிரிஞ்சாங்கிலும் தேநீர்க் கடைகளில் ஸ்ட்ராபெரி ஜாமும் கிரீமும் வைத்துத் தருகிறார்களே, ஸ்கோன், அதைத்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் பிறந்த பலகாரம் அது. ஆங்கிலேயர் தேயிலையோடு மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கோனைப் பொங்க வைப்பது பேக்கிங் பவுடர். 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர், தம் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் அதற்கு மாற்றாக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் கலந்த தூள் அது. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரிவளியை விடும். அடுப்பின் சூட்டில் வினை முடுக்கம் பெறும். உயிரில்லாத தூளுக்கு இரவுக் குளிரைப் பற்றி என்ன கவலை?

ஆனால் அதற்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. கோலா தெர்லா கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வாயுவின் பரும அளவு கூடும். கடற்கரையில் 100 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும் கரிவளி, இங்கே ஏறக்குறைய 114 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும். கேக் அடுப்புக்குள் போனதும் குமிழிகள் அவசரமாக வீங்குகின்றன. முட்டையும் மாவும் வெந்து சுவர்போல் இறுகுவதற்கு முன்பே கேக் உயர்ந்துவிடுகிறது. பிறகு நடுவில் 'பொதுக்'கென்று அமுங்கிவிடுகிறது. சமையல் புத்தகத்தில் உள்ள அளவை அப்படியே பின்பற்றியும் கேக் குழிந்துபோவதற்கு இதுவே காரணம். ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறைக்க வேண்டும். தண்ணீரோ பாலோ சற்றுக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அழுத்தம் குறைந்த இடத்தில் ஈரம் விரைவாக ஆவியாகும். அடுப்பின் சூட்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஸ்கோன் சிறியது, கெட்டி மாவு, சீக்கிரம் இறுகிவிடும். அதனால் அது பெரிய கேக் அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. மலைக்கு வாய்த்த பலகாரம்தான்.

இட்லிக்கு உயரத்தால் வரும் மாற்றம் ஆவியில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இட்லிப் பானையின் மூடிக்கு வெயிட் கிடையாது. எனவே உள்ளேயும் அதே சூடுதான். அரிசி மாவுச்சத்து 80 பாகைக்குள் வெந்து கூழாகிவிடும் என்பதால் கவலையில்லை. சில நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். 3,600 மீட்டருக்கு மேல் இருக்கும் லாசாவில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதிக்கிறது. அங்கேயும் திபெத்தியர்கள் திங்மோ என்னும் ஆவி ரொட்டியை வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்.

ஆப்பத்தின் கதை வேறு. அதைப் பொங்க வைப்பது கள்ளில் இருக்கும் ஈஸ்ட். கேமரன் மலையின் குளிரில் தென்னை செழிக்காது. கீழேயிருந்து கள் வர வேண்டும், அல்லது கடை ஈஸ்ட் வாங்க வேண்டும். ரொட்டி சானாய்க்கு இந்தத் தொந்தரவு எதுவுமே இல்லை. பிசைந்து ஊறவைத்த மாவில் குளூட்டன் வலை தளர்ந்து நீளும்; வீசி மெல்லிதாக்கி, எண்ணெய் தடவி மடித்தால் ஏடு ஏடாகும். கல்லில் போட்டதும் ஏடுகளுக்கு நடுவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும் என்பதால் ஏடுகள் பிரிந்து எழும்புகின்றன. பிரெஞ்சுக்காரர்களின் குரோசான் அடுப்பில் உப்புவதும் பெரும்பாலும் இப்படித்தான், அதில் ஈஸ்டும் உண்டு என்றாலும்.

குளிர்மலையில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தெஃப் என்ற கடுகினும் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, ஒரு இரவு அல்ல, சில நாட்கள் புளிக்க வைத்து இன்ஜெரா சுடுகிறார்கள். பார்த்தால் நம் ஆப்பத்துக்கு அண்ணன் போல இருக்கும். மேற்பரப்பில் நிறைந்திருக்கும் துளைகளை அவர்கள் 'கண்கள்' என்கிறார்கள். முன்பு செய்த கரைசலில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த முறைக்கு ஊற்றுவார்கள். பழைய மாவில் ஒரு கரண்டி சேர்க்கிற நம் வழக்கம்போல.

தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் வர்க்கி என்ற மொறுமொறுப்பான பலகாரம் உண்டு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பொங்க வைக்க மாவா என்ற புளித்த கலவையை அங்குள்ள அடுமனைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துச் செய்வது. உதகை 2,200 மீட்டருக்கு மேல். கேமரன் மலையைவிடக் குளிரான ஊர். அங்கே மாவு பொங்கத்தான் செய்கிறது.

இந்த வாரம் நீங்களே அளந்து பாருங்கள். ஒரே மாவை மூன்று கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு ஊற்றி, மாவு நிற்கும் உயரத்தில் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் மாட்டுங்கள். இறுக மூடாதீர்கள், துணி போட்டால் போதும். வாயு வெளியேற வழி வேண்டும். ஒன்றை மேசை மேல் வையுங்கள். இரண்டாவதைக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். மூன்றாவதை ஐஸ் கொண்டுபோகும் நுரைப்பெட்டிக்குள், வெந்நீர் நிரப்பிய ஒரு புட்டியின் பக்கத்தில் வைத்து மூடுங்கள். பெட்டிக்குள் 30 பாகை அளவு இருந்தால் நல்லது. 40ஐத் தாண்ட விடாதீர்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, தூங்கப் போகும்வரை மணிக்கு ஒரு முறை வெப்பநிலையையும் வளையத்துக்கு மேல் மாவு ஏறிய உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை எழுந்ததும் மறுபடி அளந்து, மூன்றுக்கும் ஒரே தாளில் வரைபடம் போடுங்கள். பெட்டியில் வைத்த மாவு பசியாற இட்லியாகட்டும். மேசை மேல் இருப்பதைத் தொடாமல் விட்டுவிட்டு, பள்ளி முடிந்து வந்ததும் வளையத்தைப் பாருங்கள்.