வீட்டு ஒலிப்பதிவில் கிறிஸ்துமஸ் பாடல்கள்: பாடவேறுபாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நம் துறையின் பழைய மாணவி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து நமக்கு ஒரு வினா விடுத்தார். அவர்தம் தாயார் வசிப்பது ஜொகூர் பாருவில். கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு மார்ச் 18 முதல் எல்லைப் போக்குவரத்து முடங்கியிருந்தமையால், பாலத்தின் மறுகரையில் இருக்கும் வீட்டிற்கு அவர் ஒன்பது திங்களாகச் சென்றிலர். கிறிஸ்துமஸ் நாளன்று தாயார் விரும்பிக் கேட்கும் பாடலைத் தாமே கிட்டார் மீட்டிப் பாடி, வாடகை அறையிலேயே பதிவு செய்து அனுப்ப அவர் எண்ணினார். பாடல், 'ஹாவ் யுவர்செல்ஃப் எ மெரி லிட்டில் கிறிஸ்துமஸ்'. வரிகளைத் தேடியபோது அப்பாடலின் ஓரடி இருவேறு வடிவில் கிடைத்தது. இவற்றுள் எது சரியானது என்பதே அவர் வினா.

இரண்டும் சரியே என்று விடையிறுத்தல் எளிது. ஆயின், சுவடிப் பதிப்பைப் பாடமாகக் கற்பிக்கும் நமக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த முறையினை வகுப்பறையில் விதந்தோதும் நாம், ஒரு பாடலின் இரு பாடங்களைக் கண்டதும் தோளைக் குலுக்கிவிட்டு நகர்தல் தகாது. வீட்டில் அமர்ந்து ஒரு பழம்பாடலை மறுபதிவு செய்பவர் பாடகர் மட்டுமல்லர்; தாம் அறிந்தோ அறியாமலோ அப்பாடலின் பதிப்பாசிரியரும் ஆகிறார் என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

மறுபதிவும் வீடும்

ஒருவர் முன்னர்ப் பாடிய பாடலைப் பிறிதொருவர் மீளப் பாடிப் பதிவு செய்வதை மேலைநாட்டார் 'கவர்' என்பர். அதனை ஈண்டு மறுபதிவு எனக் குறிக்கிறோம். மின்னிசைக் கருவிகளும் பெரும் இசைக்குழுவும் இன்றி, கிட்டார், பியானோ, பான்ஜோ முதலியவற்றின் இயல்பான ஒலியை மட்டுமே துணைக்கொள்ளும் மறுபதிவு 'அகூஸ்டிக்' வகையைச் சார்ந்தது.

இதனை வீட்டிலேயே செய்துகொள்ளும் வாய்ப்பு, 1979இல் டியாக் நிறுவனம் சாதாரண ஒலிப்பேழையில் நான்கு தடங்களாகப் பதியவல்ல 'போர்ட்டாஸ்டூடியோ' கருவியை வெளியிட்ட பின்னரே பலர்க்கும் எட்டியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டில் அக்கருவியைக்கொண்டு சில பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பின்னர்த் தம் குழுவினரோடு அவற்றை மீளப் பதிய முயன்றும் மனநிறைவு கொள்ளாமல், அவ்வொலிப்பேழைப் பதிவையே 'நெப்ராஸ்கா' எனும் பெயரில் அவ்வாண்டே வெளியிட்டார். அவை விழாப் பாடல்கள் அல்ல. எனினும், வீட்டுப் பதிவு குறைபட்ட பதிவன்று என்பதற்கு இன்றளவும் சுட்டப்படும் சான்று அதுவே.

விழாப் பாடல்களுக்கு நேரிய சான்று சஃப்யான் ஸ்டீவன்ஸ் ஆவார். 2001 முதல் 2006 வரை, 2004ஆம் ஆண்டு நீங்கலாக, ஆண்டுக்கொரு சிறு தொகுப்பாகக் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பதிவு செய்து உறவினர்க்கும் நண்பர்க்கும் அவர் பரிசாக அளித்து வந்தார். பழைய துதிப்பாடல்களோடு தாமே இயற்றியவற்றையும் சேர்த்து அமைத்த அவ்வைந்து தொகுப்புகளும் 42 தடங்களோடு 2006இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பெற்றன. இன்னார் கேட்பதற்கென்றே பாடப்பட்டதன் நெருக்கத்தை அப்பதிவுகள் பலவற்றில் நம்மால் உணர முடிகிறது.

கிட்டாரோடு பிறந்த பாடல்

பேரிசைக் குழுவிற்கென அமைந்த பாடலை எளிமையாக்கிச் சுருக்குவதே அகூஸ்டிக் மறுபதிவு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 'சைலண்ட் நைட்' என ஆங்கிலத்தில் வழங்கும் பாடலின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

இப்பாடலை யோசப் மோர் என்னும் பாதிரியார் 1816இல் ஜெர்மன் மொழியில் இயற்றினார். சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஓபர்ன்டார்ஃப் எனும் சிற்றூரில், 1818 டிசம்பர் 24ஆம் நாள், பள்ளி ஆசிரியரும் ஆர்கன் இசைப்பவருமான பிரான்ஸ் சேவர் குரூபர் அவர்தம் வேண்டுகோளின்படி இசையமைத்துக் கொடுத்தார். மோர் கேட்டது இரு தனிக்குரல்களுக்கும் பாடற்குழுவிற்கும் கிட்டார்த் துணைக்கும் உரிய இசை. அன்றிரவே தேவாலயத்தில் இருவரும் அதனைப் பாடினர். கிட்டார் மீட்டியவர் மோர். எலிகள் ஆர்கனின் துருத்தியைக் கடித்துப் பழுதாக்கியமையால்தான் கிட்டார் பயன்பட்டது என்னும் கதை சுவையானதே. ஆயின், குரூபரே எழுதிவைத்த குறிப்பில் அச்செய்தி காணப்படவில்லை.

அக்குறிப்பு தோன்றிய காரணமே பதிப்பியல் நோக்கில் கருதத்தக்கது. ஆர்கன் செப்பனிடுவோர் ஒருவர் வழியாகவும் சில்லர்த்தால் பள்ளத்தாக்குப் பாடகர் குடும்பங்கள் வழியாகவும் பாடல் நாடெங்கும் பரவியபோது, இயற்றியோர் பெயர்கள் உதிர்ந்துபோயின. அதனை நாட்டார் பாடல் என்றனர் சிலர். மைக்கேல் ஹைடன் இயற்றியது என்றனர் வேறு சிலர். 1854இல் பெர்லின் அரசவை இசைக்குழு மூலப்படியை வினவித் தேடியபோதே, குரூபர் உண்மை வரலாற்றை எழுத்தில் வடித்தார். மோர் அதற்கு ஆறாண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். மோர் தம் கைப்பட எழுதிய படி ஒன்று 1995இல் கண்டறியப்பட்டது. பாடல் 1816இல் இயற்றப்பட்டது என்னும் செய்தியை உறுதிப்படுத்தியது அப்படியே. அதிலும் கிட்டார்த் துணையிசையே எழுதப்பட்டுள்ளது.

ஆகவே, வீட்டில் கிட்டாருடன் இதனைப் பாடுபவர் பாடலைச் சுருக்கவில்லை. அதன் மேல் படிந்த அடுக்குகளையே அகற்றுகிறார். அடுக்குகள் இசையில் மட்டுமல்ல, சொல்லிலும் உள்ளன. மூலத்தில் ஆறு கண்ணிகள் இருக்க, 1859இல் ஜான் ஃப்ரீமன் யங் தந்த ஆங்கில வடிவம் மூன்றனையே கொண்டது. மூலத்தின் முதல், ஆறாம், இரண்டாம் கண்ணிகள் அந்த வரிசையில் அதில் அமைந்துள்ளன. விடுபட்டவற்றுள் நான்காம் கண்ணி, உலகத்து மக்களினங்களை இயேசு உடன்பிறந்தாராய்த் தழுவிக்கொள்வதைச் சொல்வது. நெப்போலியப் போர்கள் ஓய்ந்த மறு ஆண்டில் எழுதப்பட்ட பாடலில் அக்கண்ணி எத்துணைப் பொருளுடையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. இன்று அதனைப் பாடுவோர் அரியர்.

மேலும், மூலம் ஆறு-எட்டுத் தாள அமைப்பில் தாலாட்டுப்போல் அசைந்து செல்வது. இப்போது தேவாலயங்களில் கேட்கப்படும் நீட்டி இழுத்த நடை பிற்காலத்தது. கிட்டாரின் கம்பியொலி விரைந்து தேய்வது. நீட்டல் அதற்கு ஒவ்வாது. எனவே கருவியே பாடுவோரை மூலத்தின் நடைக்கு இழுத்துச் செல்வதைக் காணலாம்.

ஆசிரியர் திருத்தமும் பாடத் தேர்வும்

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் திரைப்பாடல்களுக்கு வருவோம். இவை பெருங்குழுவிற்கென்றே பிறந்தவை. இவற்றில் சிக்கல் வேறு வகையினது.

இர்விங் பெர்லின் இயற்றிய 'வொய்ட் கிறிஸ்துமஸ்' பாடலை பிங் கிராஸ்பி 1942 மே 29இல் இசைத்தட்டுக்காகப் பாடினார். தட்டுகளைத் தொடர்ந்து அச்சிட்டதில் மூல அச்சே தேய்ந்துபோனமையால், 1947 மார்ச்சில் அதே குழுவினரைக் கூட்டி முன்பு பாடியவாறே மீளப் பாட நேர்ந்தது. இன்று நாம் பெரும்பாலும் கேட்பது இவ்விரண்டாம் பதிவு. அதாவது, 'மூலம்' என்று நாம் நம்புவதே ஒரு மறுபதிவு. இப்பாடலுக்கு ஒரு தோற்றுவாய்ப் பகுதி உண்டு என்பதைப் பலர் அறியார். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் டிசம்பர் 24ஆம் நாள் வெயிலும் பசும்புல்லும் ஆரஞ்சு மரங்களும் பனைகளும் சூழ நின்று, வடபுலத்திற்கு ஏங்குவதாக அது அமைந்துள்ளது. கிராஸ்பியின் பதிவில் அது இல்லை. 1963இல் டார்லின் லவ் அதனை உரைநடைபோல் பேசிப் பதிவு செய்துள்ளார்.

பனியைக் கண்டறியாத நம் நாட்டில் பனியைப் பற்றிப் பாடுதல் போலித்தனம் என எள்ளுவோர் உளர். தோற்றுவாயைச் சேர்த்துப் பாடினால் அவ்வெள்ளல் நில்லாது. பாடலில் பேசுபவரே வெயிலில்தான் நிற்கிறார். பெர்லின் ரஷ்யப் பேரரசில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே குடிபெயர்ந்த யூதர். அவர்தம் ஆண் குழந்தை பிறந்து மூன்று வாரங்களில், 1928 டிசம்பர் 25ஆம் நாளன்றே இறந்தது. இதனையே பாடலின் தோற்றக் காரணமாகக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் இச்செய்தியை அறிந்தபின் அப்பாடலை எக்களிப்போடு பாட நமக்கு மனம் ஒப்புவதில்லை.

இனி, மாணவி வினவிய பாடல். 1944இல் வெளிவந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' என்னும் திரைப்படத்திற்காக எழுந்த அது, ஹியூ மார்ட்டின், ரால்ஃப் பிளேன் இருவர் பெயரில் வழங்குவது. ஊரைவிட்டுப் பெயரவேண்டிய குடும்பத்தில், விழா முன்னிரவில் அழும் தங்கையை அக்கை தேற்றிப் பாடுகிறாள். மார்ட்டின் முதலில் எழுதிய வரைவு, இதுவே இறுதி விழாவாக இருக்கலாம் என்னும் அளவிற்குத் துயர் மிகுந்தது. அக்கையாக நடித்த ஜூடி கார்லண்ட் சிறுமியிடம் அவ்வாறு பாடுதல் கொடுமை என்று மறுக்கவே, மார்ட்டின் தயங்கித் தயங்கி அதனை மாற்றினார். திரைப்படத்தில் இடம்பெற்ற இப்பாடத்தில், மீண்டும் ஒன்றுகூடும் நாள் வரும்வரை எப்படியேனும் தட்டுத்தடுமாறிக் காலம் கடத்தவேண்டும் என்னும் பொருளில் ஓரடி உள்ளது. உலகப்போரினால் குடும்பங்கள் பிரிந்திருந்த 1944இல் கேட்டோர்க்கு அவ்வடி தம் சொந்தச் சொல்லாகவே ஒலித்திருத்தல் கூடும். 1957இல் பிராங்க் சினாட்ரா தம் தொகுப்பிற்கு மகிழ்ச்சியான அடி வேண்டும் என்று கேட்க, மார்ட்டினே அவ்வடியை நீக்கிவிட்டு, மரத்தின் உச்சிக்கிளையில் ஒளிரும் விண்மீனைத் தொங்கவிடுவது பற்றிய அடியை வைத்தார்.

இங்கு இடைச்செருகல் இல்லை. ஏடெழுதுவோர் பிழையும் இல்லை. மூன்றும் ஆசிரியர் பாடங்களே. ஆசிரியரின் இறுதித் திருத்தமே ஏற்கத்தக்கது என்னும் பதிப்பு நெறியைப் பின்பற்றினால் 1957ஆம் ஆண்டுப் பாடமே நிற்கும். ஆனால் அத்திருத்தம் பாடலின் தேவையால் அன்றி, ஒரு தொகுப்பின் தேவையால் எழுந்தது. நம் கருத்தில், விண்மீன் வந்தவுடன் பாடலில் பிரிவே இல்லாது போகிறது. பிரிவு இல்லையேல் தேற்றவேண்டிய தேவையும் இல்லை. (அகத்திணை பயின்றோர்க்கு 1944ஆம் ஆண்டுப் பாடம் முல்லையின் ஆற்றியிருத்தலை நினைவூட்டலாம். அவ்வொப்புமையை நாம் வற்புறுத்தவில்லை.) நாற்பது பேர் கொண்ட குழு இசைக்கும்போது எந்த அடி பாடப்பட்டாலும் நரம்பிசை அதனை மூடிக்கொள்ளும். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்குமிடத்துச் சொல் வெளிப்பட நிற்கும். அகூஸ்டிக் மறுபதிவில் பாடத்தேர்வு முதன்மை பெறுவது இதனாலேயே.

உரிமை பற்றி ஒன்று. மோர், குரூபர் பாடல் யாவர்க்கும் பொதுவானது. மற்றைய இரண்டும் காப்புரிமைக்கு உட்பட்டவை. அமெரிக்கச் சட்டம், ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாடலை உரிய கட்டணம் செலுத்தி எவரும் மறுபதிவு செய்து வெளியிட இசைகிறது. தம் பாணிக்கேற்ப இசையைத் தழுவிக்கொள்ளலாம். அடிப்படை மெட்டையோ பாடலின் இயல்பையோ மாற்றலாகாது. தாய்க்கு மட்டும் அனுப்பும் பதிவைப் பொறுத்தவரை இவை பெரிதும் எழா.

அறையும் ஒலிவாங்கியும்

கருவிகளைப் பற்றி மாணவி கேட்டபோது, நமக்குத் தெரிந்த சிலவற்றையே கூறினோம். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், விடுதியில் அடுத்த அறை நண்பர் ஒலிப்பேழையில் பதிவு செய்வதற்கு நாம் போர்வைகளைப் பிடித்து நின்றதுண்டு. நம் தகுதி அவ்வளவே.

ஒலிவாங்கியைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் தாழ்சுரங்கள் திரண்டு முழங்கும். கழுத்துப்பகுதி உடலோடு இணையும் இடத்தை நோக்கி ஒரு சாண் தொலைவில் வைத்தலே நன்று. குரலுக்கு மிக அருகில் வைப்பின், ஒரு திசை ஒலிவாங்கிகள் தாழ்குரலை இயல்பினும் மிகுத்துக் காட்டும். காதோடு பேசும் நெருக்கம் வேண்டுவோர் இக்குறையையே குணமாகக் கொள்வர். வெற்றுச் சுவரும் பளிங்குத் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவன. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே பாடினால் எதிரொலி பெரிதும் அடங்கும். நம் பகுதியில் பெருஞ்சிக்கல் வெப்பம். மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்ய இயலாது. நிறுத்தினால் மூன்று பாட்டுக்குமேல் பாட இயலாது. மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது.

குரலையும் கிட்டாரையும் தனித்தனித் தடங்களாகப் பதியலாமா என்றும் அவர் கேட்டார். பிழை திருத்த அது வசதியானதே. ஆனால் அவ்வாறு பதிவோர் பெரும்பாலும் மென்பொருளின் தாளத் தட்டலைக் காதில் கேட்டுக்கொண்டே பாடுவர். தேற்றிப் பாடும் பாடலில் சொல்லுக்குச் சொல் வேகம் தளர்ந்தும் நெருங்கியும் வருதல் இயல்பு. தட்டல் அதனைச் சமன்படுத்திவிடும். ஒரே ஒலிவாங்கியின் முன் இரண்டையும் ஒருங்கே பாடிப் பதியுமாறும், பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்குமாறும் கூறினோம்.

பாடங்களின் வரலாற்றையும் எழுதி அனுப்பி, தேர்வை அவர்பால் விட்டோம். விழாவிற்கு இரு நாள் முன்னர்ப் பதிவு வந்து சேர்ந்தது. அவர் 1944ஆம் ஆண்டுப் பாடத்தையே பாடியிருந்தார். தட்டுத்தடுமாறுவதைச் சொல்லும் அடியில் குரல் சற்றே இடறியிருந்தது. இறுதிச் சுரம் தேயும்போது, கீழே சாலையில் பேருந்து ஒன்று நின்று புறப்படும் ஓசையும் கேட்டது. அதனை வெட்டிவிடவா என்று வினவியிருந்தார். வேண்டா என்று எழுதினோம். எல்லை வழக்கம்போல் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் முதல் நாளில். அதுவரை தாயார் அப்பதிவைக் கைப்பேசியில் வைத்திருந்தார் என்றும், பேருந்து ஓசை வரும்வரை விடாது கேட்பார் என்றும் பின்னர் அறிந்தோம்.