சீதனக் காணியும் கணவன் கையொப்பமும்

யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. வீடு வளவு, வயல், தோட்டம், பனங்காணி, கிணற்றிலே பங்கு என்று தாயிடம் இருந்தது மகளுக்குச் சேரும். இதனைக் கண்டு, யாழ்ப்பாணத்துப் பெண் நிலவுரிமையிலே குறைவற்றவள் என்று பெருமை பேசுவாரும் உளர். அப்பேச்சு பாதி உண்மையே. உறுதியிலே எழுதப்பட்டிருப்பது அவள் பெயர். அக்காணியை விற்க நொத்தாரிசு முன்னிலையில் அவள் சென்றபோதோ, கணவனுடைய எழுத்து மூலமான சம்மதமும் கேட்கப்பட்டது.

இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை அறியத் தேசவழமையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலே, தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களை 1707ஆம் ஆண்டிலே தொகுத்தெழுதினார். அத்தொகுப்புத் தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டது. அவர்கள் சரியென்று ஒப்பினர். பன்னிருவரும் ஆடவரே என்பதைச் சொல்லாமலே நேயர்கள் அறிவர். பின்பு ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலிமை அளித்தனர்.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று தேசவழமை சொத்தை மூவகையாக வகுத்தது. மணவாழ்விலே தேடிய சொத்தே தேடிய தேட்டமாகும். அதனைப் பற்றிய வழக்குகள் பல. அவை தனியே பேசத்தக்கவை.

சம்மதம் வேண்டும் என்ற விதியைத் தெளிவாக எழுதி வைத்தது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமாகும். அதன் 6ஆம் பிரிவு வேடிக்கையான ஓர் அமைப்புடையது. மனைவி தன் நகைகளையோ பிற அசையும் பொருள்களையோ எவரையும் கேளாமல் விற்கலாம். மரணசாசனம் எழுதி அசையாச் சொத்தையும் விரும்பியவருக்கு விடலாம்; அதற்கும் கணவன் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் உயிரோடிருக்கையில் ஒரு பரப்புக் காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, மகளுக்கு நன்கொடையாக எழுதவோ முற்பட்டால் அவன் எழுத்து மூலம் இசைய வேண்டும். இறந்தபின் தன் காணி யாருக்கு என்று தீர்மானிக்கத் தகுதியுள்ளவள், வாழுங்காலத்திலே தகுதியற்றவளானது எங்ஙனம் என்பதற்கு அச்சட்டத்திலே காரணம் காண்டல் அரிது. அவள் தனிச்சொத்துக் கணவனுடைய சொந்தக் கடன்களுக்குப் பிணையாகாது என்று அதே பிரிவு காத்ததையும் மறத்தல் கூடாது.

மற்றைப் பெண்களின் நிலை வேறு. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்குட்பட்ட மனைவியர் தம் சொத்தை மணமாகாதவர் போலவே கையாளலாம் என்றது; தேசவழமைக்குட்பட்ட தமிழரை அது விலக்கி வைத்தது. ஆகவே மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் தனியே கையொப்பமிட்டு விற்கும் காணியை, பருத்தித்துறைப் பெண் விற்பதற்கு இரு கையொப்பங்கள் தேவைப்பட்டன. அதே பருத்தித்துறைப் பெண் தேசவழமைக்குட்படாத ஒருவரை மணந்தால், அம்மணம் நிலைக்குங்காறும் அவளைத் தேசவழமை ஆளாது. மாறியது கணவனே; காணியும் அதே காணி, பெண்ணும் அதே பெண்.

வீட்டிலே இணக்கம் இருக்குமிடத்து இந்த விதி ஒரு சிறு சடங்காகவே முடியும். இணக்கம் குலைந்த வீட்டிலே அது கருவியாகிவிடும். அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டுத் தாய்வீடு சேர்ந்த பெண், பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் சீதன வயலை விற்க அவனிடமே கையொப்பம் கேட்டு நிற்க நேரும். ‘வீட்டுக்குத் திரும்பி வா, பிறகு வைக்கிறேன்’ என்றும், ‘விலையிலே பாதி தா’ என்றும் பேரம் பேச அது இடங்கொடுத்தது.

கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவன் இருப்பிடம் தெரியாதிருந்தாலோ, மாவட்ட நீதிமன்றிலே விண்ணப்பித்து அச்சம்மதமின்றியே காரியம் செய்ய அனுமதி பெறலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்தது. வழி உண்டு, வழிச்செலவும் உண்டு. சட்டத்தரணியின் கட்டணம், தவணைகள், போக்குவரத்து யாவும் காணி விற்குமுன்னரே காசு கேட்பவை.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபோது இந்த இடர் பெருகிற்று. கணவன் காணாமற்போனவன், இறந்தான் என்று சொல்ல மனைவிக்கு மனமில்லை, இருக்கிறான் என்று காட்டச் சான்றுமில்லை. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. கைம்பெண் என்று தன்னையே எழுதிக் கொடுக்கப் பலர் மறுத்தனர். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறப்புப் பதியாமலே ‘காணாமை’ குறித்த சான்றிதழ் பெறும் வகையைச் செய்தது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பால் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று 12ஆம் உறுப்புரையிலே கூறுகின்றதே, அதைக் கொண்டு இவ்விதியை நீக்கலாகாதா என்று நேயர்கள் வினவலாம். விடை நான்கு உறுப்புரைகள் தள்ளியிருக்கின்றது. முன்பிருந்த எழுதிய சட்டங்களும் எழுதாத சட்டங்களும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்று 16ஆம் உறுப்புரை வகுத்தது. ஆதலின் நீதிமன்றம் அகற்றத்தக்க விதியன்று இது. பாராளுமன்றமே திருத்த வேண்டியதாயிற்று. மகளுக்குச் சீதனம் எழுத வேண்டிய தாய், அதுவரையில், உறுதியை மடியிலே வைத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வாங்கிலே தன் வழக்கு இலக்கம் கூப்பிடப்படும் வரை காத்திருந்தாள்.