அடைக்கலத்திற்கு அப்பால்



“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. குழந்தையைக் கண்டிக்கும் தாய்க்குச் சொல்லத்தக்க இம்மொழியை, மனைவியை அடிக்கும் கணவனுக்கும் பொருத்திப் பேசுவோர் உண்டு. இவ்வாறு பேசிப் பேசியே எத்தனையோ பெண்களின் துன்பத்தை நீட்டித்திருக்கிறோம்.

துன்பம் பொறாது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணொருத்தி, சில நாட்களில் மீண்டும் அங்கேயே திரும்பிவிடுவதும் உண்டு. “பட்டும் அறிவு வரவில்லையே” என்று ஊரார் இகழ்வர். முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றிய நான் கண்டறிந்தது வேறு. அவள் திரும்புவது அறிவின்மையால் அன்று. கையில் காசில்லை, தங்க இடமில்லை, பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கிறது. இம்மூன்றுமே அவளைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே, அடைக்கலம் அளிப்பது உதவியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. இளமையிலேயே கணவனை இழந்த அவர், 1911-ஆம் ஆண்டில் சென்னையில் பட்டம் பெற்றார். பின்னர், கைம்பெண்களாகிவிட்ட சிறுமியருக்கென விடுதியொன்று தொடங்கி, கடற்கரையை அடுத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அதனை நடத்தினார். சோறும் துணியும் அளித்ததோடு அவர் நின்றிருப்பின், உறவினரைச் சார்ந்திருந்த சிறுமியர் விடுதியைச் சார்ந்திருந்திருப்பர், அவ்வளவே. அவரோ அவர்களைப் படிக்க வைத்தார். ஆசிரியப் பயிற்சியும் பெறச் செய்தார். அவர்களுள் பலர் ஊதியம் பெறும் ஆசிரியைகளாயினர். கைம்மைத் துன்பம் வேறு, கணவனது கொடுமை வேறு. ஆயினும், பிறர் கையை எதிர்பாராது வாழும் வழி இரண்டிற்கும் ஒன்றே.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அடிப்பதை மட்டுமன்றி, இழிசொல்லால் வருத்துவதையும், செலவுக்குப் பணம் தராது வாட்டுவதையும் அச்சட்டம் வன்முறை என்றே கூறுகிறது. பாதுகாப்பு, உறைவிடம், தனக்கும் குழந்தைகளுக்குமான செலவுத்தொகை, குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை ஒரே மனுவில் நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலுள்ள நீதிமன்றத்திலேயே மனுச் செய்யவும் இடமுண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 181 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் வழிகாட்டுதல் கிடைக்கும்.

எனினும், ஆணை கிடைத்த மறுநாளே அடுப்பு எரிந்துவிடுமா? தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். தன் சான்றிதழ்கள் தன் கைவசம் இருக்க வேண்டும். கைத்தொழில் ஒன்று தெரிய வேண்டும். அதனைக் கற்கும்வரை தங்குவதற்கு இடமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்கவும் தொழில் கற்கவும் தமிழ்நாடு அரசு சேவை இல்லங்களை நடத்துவது இக்காரணம் பற்றியேயாகும்.

இனி, குழந்தையின் நிலையைப் பார்ப்போம். ஆண்டின் நடுவே, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் இல்லாமல் அது புதிய ஊருக்கு வருகிறது. சான்றிதழ் வாங்கி வா என்று அந்தத் தாயை அனுப்பினால், எந்த ஊரிலிருந்து அஞ்சி ஓடி வந்தாளோ அந்த ஊருக்கே அவளை அனுப்பியவர்களாவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தை, எக்காரணத்தால் ஊர் மாறினும், அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் சேரலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழை உடனே வழங்குவது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை. பிள்ளை பள்ளியில் அமர்ந்துவிட்டால், தாய்க்கு வேலை தேடப் பகற்பொழுது கிடைக்கிறது. தங்கிய ஊரில் நிலைக்கும் துணிவும் வருகிறது.

அத்தகைய பிள்ளை நாளை உங்கள் வகுப்பிலும் வந்து அமரலாம். சிறு ஓசைக்கும் அது திடுக்கிடும். பாடத்தில் மனம் செல்லாது. மாலையில் வீடு திரும்பத் தயங்கும். “உன் தந்தை எங்கே?” என்று துருவாதீர்கள். விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொள்ள உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாதவர் எவரேனும் பள்ளி வாயிலில் நின்று அதன் வீட்டு முகவரியைக் கேட்பின், சொல்லாதீர்கள், ஆசிரியரிடம் தெரிவியுங்கள். முகவரி வெளியானால் தாய், பிள்ளை இருவரின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

உங்களுள் எவருக்கேனும் இத்துன்பம் வீட்டிலேயே இருக்குமாயின், அதனை மறைத்து வருந்த வேண்டா. அது உங்கள் குற்றமன்று. நம்பத்தக்க ஆசிரியரிடம் சொல்லுங்கள். அல்லது குழந்தைகளுக்கென உள்ள 1098 என்ற எண்ணை அழையுங்கள். நாளை ஆசிரியராகவும், அலுவலராகவும், அண்டை வீட்டாராகவும் விளங்கப்போகும் உங்களிடம் இத்தகைய தாயொருத்தி வந்து நின்றால், “பொறுத்துப் போ” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவள் தங்குவதற்கும், வேலை பெறுவதற்கும், அவள் பிள்ளை படிப்பதற்கும் செய்யக்கூடியது யாதென அவளையே கேட்டு, அதனைச் செய்யுங்கள்.