கணிப்பொறி எழுதும் கடிதங்கள்

வாயிலில் அஞ்சற்பெட்டியை மாட்டிவைத்து, அதனை ஒருநாளும் திறவாதவனைக் கண்டு நாம் நகைப்போம். லினக்ஸ் கணிப்பொறி வைத்திருப்போருட் பலர் அங்ஙனமே வாழ்கின்றனர்.

கோட்டக்குப்பத்தில் நம் நண்பரொருவர் தம் கடைக் கணக்கினைப் பழைய லினக்ஸ் கணிப்பொறியில் எழுதிவந்தார். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. சின்னாட்களில் அவருடைய வன்தட்டு பழுதாயிற்று. கடன் பேரேடும் அதனுடன் அழிந்தது. புயலையே நொந்துகொண்டோம். எஞ்சிய கோப்புகளை மீட்டபோதோ, ஒருவரும் படியாத கடிதமொன்று கிடைத்தது. வன்தட்டிற் சில பகுதிகளைப் படிக்க இயலவில்லை என அது செப்டம்பரிலேயே அறிவித்திருந்தது.

இக்கடிதங்களை எழுதுவோர் யாவர்? குறித்த வேளையிற் பணி செய்யும் 'கிரான்', அப்பணியின் விளைவை எழுதும். வன்தட்டினைக் கண்காணிக்கும் 'ஸ்மார்ட்டி', அதன் நலிவை எழுதும். பெரும்பாலும் இவை 'ரூட்' என்னும் தலைமைப் பயனர்க்கே செல்லும். அவை இணைய அஞ்சலில் வாரா. கணிப்பொறியினுள்ளேயே 'வார்' என்னும் அடைவின்கண் உள்ள 'மெயில்' அடைவிற் கிடக்கும். 1971ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் கைநூலின் முதற்பதிப்பிலேயே 'மெயில்' கட்டளை இடம்பெற்றது. பலர் ஒரே பொறியைப் பகிர்ந்த அக்காலத்து வழக்கமே இன்றும் தொடர்கின்றது.

படிக்கும் முறை எளிது. ரூட்டாக நுழைந்து முனையத்தில் 'மெயில்' எனத் தட்டின் கடிதங்கள் எண்ணிட்டு வரிசையாகத் தோன்றும். எண்ணைத் தட்டின் கடிதம் விரியும், 'டி' நீக்கும், 'கியூ' வெளியேற்றும். இக்காலத்து லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் இக்கட்டளையும், கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் அஞ்சற் செயலியும் தாமாக அமைவதில்லை. அவற்றை நாமே நிறுவுதல் வேண்டும்.

நிற்க. நாடோறும் ரூட்டாக நுழைவார் அரியர். ஆதலின் கடிதங்களை நாம் பார்க்குமிடத்திற்குத் திருப்புதலே அறிவுடைமை. 'எட்சி' அடைவிலுள்ள 'ஏலியசஸ்' கோப்பில் ரூட் என்னும் பெயரும், முக்காற்புள்ளியும், நம் அஞ்சல் முகவரியும் ஒரே வரியில் எழுதுக. அஞ்சற் செயலி போஸ்ட்ஃபிக்ஸ் ஆயின், பின்னர் 'நியூஏலியசஸ்' கட்டளையை இடுக. வீட்டு இணைப்பிலிருந்து நேரே செல்லும் கடிதங்கள் பெரும்பாலும் தடுக்கப்படும். ஆகவே நம் அஞ்சல் நிறுவனத்தின் வழங்கி வாயிலாக, கடவுச்சொல்லுடன் அனுப்புமாறு அமைத்தல் வேண்டும்.

இறுதியாக, ரூட்டிற்கு ஒரு சோதனைக் கடிதம் விடுத்து, அது நம் கையை வந்தடைகின்றதா எனக் காண்க. சோதியாத வழி இல்லாத வழியே. நண்பரின் கணிப்பொறி தன் கடமையைச் செய்தது. அதன் கடிதத்தைப் படிக்கும் கடமை நம்முடையதாயிருந்தது.