பல்வலி ஊசி தருவது தவணைதான்

பண்டிகைச் சரக்கு இறங்கும் நாளில் கடைவாய்ப்பல் தெறித்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பக்கத்து டாக்டரிடம் ஓடி, "ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று சொல்லி, அரை மணியில் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். நம் உறுப்பினர் ஒருவர் இப்படியே நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் மருத்துவமனையில் படுத்தார். கடை ஒரு வாரம் அடைப்பு.

அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். ஒரு வேளைக்கு 75 மில்லிகிராம், பிட்டத் தசையில் ஆழமாகப் போடுவது. சொத்தை ஆழமாகி, பல்லின் நடுவிலுள்ள சதை வீங்கும்போது, சுற்றிலும் கெட்டியான பல் இருப்பதால் வீக்கத்துக்கு இடமில்லை. உயிர் போகிற வலி அதனால்தான். வலியைத் தூண்டும் பொருள் உடம்பில் உண்டாவதை மருந்து தடுக்கிறது, வலி இறங்குகிறது. சொத்தையும் சீழும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வட்டி கட்டியாயிற்று, அசல் அப்படியே.

மாத்திரையைவிட ஊசிக்குத்தான் வீரியம் என்பதும் நம் நினைப்பே. விழுங்க முடிகிறவருக்கு டாக்டர் தரும் மாத்திரையே பெரும்பாலும் போதும். இந்த ஊசியை இரண்டு நாளுக்கு மேல் தொடரவும் கூடாது.

நம் ஊரில் இன்னொரு சங்கதி. உப்பளத்திலும் துறைமுகக் கிட்டங்கியிலும் வெயிலில் நின்று உடம்பில் நீர் வற்றியவருக்கு இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இதே மருந்து போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், 2006-ல் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தையும் ஒரு வேளை அளவுக் குப்பியில்தான் விற்கவேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது.

"அண்ணாச்சி, பல்வலிக்கு ஒரு மாத்திரை" என்று நம் கடைக்கே வருகிறவர்களும் உண்டு. டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து. உரிமமில்லாமல் விற்பது 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டப்படி குற்றம். கிராம்பு கொடுங்கள், அதிலுள்ள யூஜெனால் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். நம் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை!

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் ஊசி போட்ட மறுநாளே பல் டாக்டரைப் பாருங்கள். வேர் சிகிச்சையா, பிடுங்குவதா என்று அவர் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் கல்லாவைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.