மணியோசையும் மில் சங்கும்

ராஜபாளையத்தில் எனக்கு முதலில் பழகிய மணி, மில் சங்குதான். 'சங்கு ஊதிருச்சு' என்று அப்பா தூக்குவாளியோடு சைக்கிளை எடுப்பார். மதியச் சங்கு ஊதினால்தான் அவருக்குச் சாப்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் சில கல்மண்டபங்கள் நிற்கின்றன. திருமலை நாயக்கர் (ஆட்சி: 1623–1659) ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகே சாப்பிடுவார்; கோயில் மணியைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிக்க, அதைக் கேட்டு அதற்கடுத்ததில் அடிக்க, ஓசை அரண்மனை போய்ச் சேரும் என்பது கதை. திருச்செந்தூர் பூஜை, பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனின் சாப்பாடு என்று இதே கதை அங்கேயும் உண்டு. ஆக, இது ஒரு தனி அரசரின் வரலாறு என்பதைவிட, அரசபக்தியைக் கட்டமைக்கும் கதையாடல் எனலாம்.

இக்கதையைக் கொஞ்சம் கணக்குப் போட்டு வாசிப்போம். தூரம் சுமார் 75 கிலோமீட்டர். ஓசை நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அதற்கு நான்கு நிமிடம்கூடத் தேவையில்லை. ஆனால் ஒரு மணியோசை தெளிவாகக் கேட்பது இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்று வைத்தால், முப்பது பேராவது வேண்டும். எதிர்க்காற்றிலும் மழையிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் கண்ணயர்ந்தால் சங்கிலி அறுந்தது. கதை அரசரின் பசியை மட்டும் சொல்கிறது. இந்த முப்பது பேர் எப்போது சாப்பிட்டார்கள்?

ஒரு மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். மணி இல்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்.

"மணி அடிச்சது யாருங்கய்யா?"

"ராசா பேருதான் தெரியும் தம்பி. அடிச்சது நம்மள மாதிரி ஆளாத்தான் இருக்கும்."

இன்னொன்றும் இருக்கிறது. கோயில் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்களின் காதிலும் கோயில் மணி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஓசைக்குத் தீட்டு கிடையாது, ஆளுக்குத்தான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிரெஞ்சுக் கிராம மணிகளைப் பற்றி 1994இல் எழுதிய அலென் கோர்பென், மணி யார் கையில் என்பதற்காக ஊர்கள் சண்டையிட்டதைக் காட்டுகிறார். நம் ஊரில் அதோடு, அது யாரை அழைத்தது, யாரை அழைக்கவில்லை என்றும் கேட்டாக வேண்டும்.

அரசரும் ஓசைக்குக் காத்திருந்தார், அப்பாவும் காத்திருந்தார். அவருடையது விரதம், தானே எடுத்துக்கொண்டது. அப்பாவுடையது ஷிப்டு. முன்னது கதையாகிவிட்டது. பின்னதை யாரும் எழுதவில்லை.

மண்டபத்து ஆட்களை இனிக் கேட்க முடியாது. சங்கு கேட்டு ஓடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவதை நாம் இப்போதே தொடங்க வேண்டும்.